எழுபது கிராம் ஜவ்வரிசி

கடையிலிருந்து வந்த ஒரு கிலோ பாக்கெட்டை, பிரிப்பதற்கு முன்னால் நீங்கள் எப்போதாவது நிறுத்துப் பார்த்ததுண்டா?

"நன்றாயிருக்கிறது கேள்வி! அடுப்பில் குழம்பு பொங்குகிறது, வாசலில் பள்ளிக்கூட வண்டி ஹார்ன் அடிக்கிறது, இந்த லட்சணத்தில் தராசைத் தேடிக்கொண்டு எங்கே போவது?" என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? நானும் போன பங்குனி வரையில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். சேலத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். கூடவே, அவசரப்பட்டு வாயைத் திறக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சின்னம்மா இருப்பது அம்மாபேட்டையில். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பங்குனி வெயில் ஏறியதும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடகம் ஊற்றாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பெங்களூரில் ஒரு பேத்தி, சென்னையில் ஒரு பேரன், அண்டை வீட்டில் இரண்டு குடும்பம் என்று அவள் வடகத்துக்கு வாடிக்கைக்காரர்கள் அதிகம்.

"வரும்போது இரண்டு கிலோ ஜவ்வரிசி வாங்கிக்கிட்டு வந்துடு" என்றாள். நானும் டவுனில் பெரிய கடை ஒன்றில் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனி பாக்கெட் அல்ல; கடைக்காரர்களே மூட்டையைப் பிரித்துப் பை போட்டு, "எடை 1 கிலோ" என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பது.

சின்னம்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்து, பாட்டி காலத்து இரும்புப் படியில் கொட்டினாள். கொட்டியவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இது ஒரு கிலோ இல்லையே!" என்றாள்.

"அதெப்படிச் சொல்கிறீர்கள்?"

"ஒரு கிலோ ஜவ்வரிசி போட்டா இந்தப் படியில எங்கே வந்து நிற்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு விரற்கடை இறங்கி நிற்குது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வீட்டு மருமகள் சிரிக்கவில்லை. அவள் வீட்டிலேயே கேக் செய்கிறவள். அதற்காகச் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வைத்திருக்கிறாள். பிரிக்காத பாக்கெட்டை அதன்மேல் வைத்தாள். 936 என்று காட்டியது. பிரித்த பாக்கெட்டின் காலிப் பையைத் தனியே வைத்தாள். 6 கிராம். ஆக, உள்ளே இருப்பது 930 கிராம். சின்னம்மாவின் கண்ணுக்கும் அந்தக் கருவிக்கும் கருத்து வேற்றுமையே இல்லை!

எழுபது கிராம். எனக்கு வந்ததே கோபம்! பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கடையில் நல்ல கூட்டம். பில் போடும் இடத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பாக்கெட்டை அவள் முன்னால் போட்டேன். "ஒரு கிலோ என்று காசு வாங்கிவிட்டு முக்கால்வாசி போட்டுக் கொடுக்கிறீர்களா? இப்படித்தான் ஊரைக் கொள்ளையடிப்பதா?" என்று ஆரம்பித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுருதி ஏறிற்று. முக்கால்வாசி என்பது பொய். ஆனால் கோபத்துக்கு ஏது கணக்கு?

அந்தப் பெண் பதில் பேசவில்லை. பாக்கெட்டைத் தன் தராசில் வைத்தாள். அதே 936. அலமாரியிலிருந்து இன்னொன்று எடுத்து வந்து வைத்தாள். 934. மூன்றாவது, 938. அவள் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கமாகக் குனிந்து, "அக்கா, பேக்கிங் உள்ளே போடறாங்க. நாங்க எடுத்து அடுக்கறதும் பில் போடறதும்தாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா. நான் மாத்திக் கொடுத்தா என் கணக்குலதான் எழுதுவாங்க" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அது உன் பாடு, உங்கள் முதலாளி பாடு" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பாவம், அவள் ஒரு பையில் ஜவ்வரிசியை அள்ளிப் போட்டு எழுபது கிராம் நிறுத்துக் கையில் கொடுத்தாள். வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன்.

சின்னம்மா எழுபது கிராமையும் படியில் கொட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரைக் கேட்டே?"

"பில் போடுகிற பெண்ணை."

"குறைச்சது அவளா?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சகோதரிகளே, அளவில் குறைப்பது என்பது நேற்று வந்த வியாதி அல்ல. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டுவது, படியின் அடியை நசுக்கி வைப்பது, பாலை உயரத் தூக்கி ஆற்றி நுரையால் ஆழாக்கை நிரப்புவது - இவையெல்லாம் நம் பாட்டிமார் பார்த்த வித்தைகள். அதனால்தான் அந்தக் காலத்திலும் அளவுக்குக் காவல் போட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று இருக்கிறது. அளக்கும் மரக்காலுக்குச் சாமியின் பெயரையே வைத்துவிட்டால், குறைக்கிறவன் கை கொஞ்சமாவது நடுங்கும் அல்லவா?

நம் கொங்குச் சீமையில் தானியம் அளக்க வள்ளம் இருந்தது. பக்கத்துச் சீமைக்குப் போனால் அளவு வேறு. ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு சேர். ஓரிடத்தில் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். இன்னோரிடத்தில் விரலால் தலைதட்டி அளப்பார்கள். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956ஆம் ஆண்டு சட்டம் செய்து, 1958 அக்டோபர் முதல் தேதியிலிருந்து படிப்படியாகக் கிலோவையும் கிராமையும் கொண்டுவந்தார்கள். வீசையும் பலமும் போயின. காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் கிலோ ஒன்றாயிற்று.

ஆனால் பழைய முறையில் ஒரு சௌகரியம் இருந்தது. அளப்பது நம் கண் முன்னால் நடந்தது. "இன்னும் கொஞ்சம் போடப்பா" என்று சொன்னால் கொசுறாக ஒரு கைப்பிடி விழும். பாக்கெட் வந்த பிறகு கொசுறு போய்விட்டது. நிறுத்தவர் யார், எங்கே நிறுத்தார், தராசு எப்படி இருந்தது, ஒன்றும் நமக்குத் தெரியாது. நமக்கு எதிரே நிற்பவர், அதை நிறுக்காத ஒருவர். கோபம் மட்டும் அவர் தலையில் இறங்குகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். மல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாளாம். காலையில் நின்றால் ராத்திரி வரை நிற்கிற வேலை. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டமே செய்ய வேண்டியிருந்தது என்றால், அவர்கள் நின்ற நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்படி நிற்கிறவளிடம் போய் நான் என் வீரத்தைக் காட்டினேன்.

ரேஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி குறைகிறது, சர்க்கரை குறைகிறது என்று நாம் விற்பனையாளரைத் திட்டுகிறோம். அவரைக் கேட்டால், "கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைகிறது, எங்களுக்கு யார் நிறுத்துத் தருகிறார்கள்?" என்கிறார். இது அவர்களுடைய சங்கங்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் குறை. எல்லா விற்பனையாளரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. குறை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்க்காமல் கடைசிப் படியில் நிற்பவரை மட்டும் உலுக்கினால், மேல் படியில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஜவ்வரிசி சேலத்துச் சொத்து. இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனபோது இங்கே மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவு அமைப்பை உண்டாக்கினார்கள். இப்போது சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தக் கிழங்கைப் பயிரிடும் ராசிபுரத்துக்காரரும் ஆத்தூர்க்காரரும் என்ன சொல்கிறார்கள்? கிழங்கில் உள்ள மாவுச் சத்தைப் பார்த்து, 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகிறார்கள். அந்தப் பாயிண்டைக் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு மனக்குறை. கிழங்கை விற்கும்போது விவசாயிக்குக் குறைகிறது. ஜவ்வரிசியை வாங்கும்போது நமக்குக் குறைகிறது. நடுவில் தராசு மட்டும் கொழுக்கிறது!

"எழுபது கிராம் ஒரு பெரிய விஷயமா? இதற்காகவா ஆட்டோ செலவு?" என்று வீட்டில் ஆண்பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பிஸ்கட் கதை இருக்கிறது. கற்பனையல்ல, வழக்கு மன்றம் ஏறிய கதை.

2021 டிசம்பரில் சென்னைவாசி ஒருவர், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காக மணலியில் ஒரு கடையில் 'சன்ஃபீஸ்ட் மாரி லைட்' பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கினார். உறையின்மேல் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் 15. ஒரு பிஸ்கட்டின் விலை என்ன? சுமார் 75 காசு. கடையில் கேட்டார், கம்பெனியையும் கேட்டார். சரியான பதில் இல்லை. அவர் விடவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். "நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பாக்கெட் செய்கிறார்கள், அப்படியானால் மக்களுக்குத் தினம் எத்தனை லட்சம் ரூபாய் நஷ்டம்?" என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஐ.டி.சி. கம்பெனி சார்பில், "நாங்கள் எண்ணிக்கைக்கு விற்கவில்லை, எடைக்குத்தான் விற்கிறோம்" என்று வாதாடினார்கள். உறையில் போட்டிருந்த எடை 76 கிராம். ஆணையம் நிறுத்துப் பார்த்ததில் இருந்தது 74 கிராம். "இத்தனை கிராம் வரை முன்பின் இருக்கலாம் என்று விதி இருக்கிறதே" என்றார்கள். காற்றில் ஆவியாகிக் குறையும் பொருளுக்கு அந்தச் சலுகை பொருந்தலாம், பிஸ்கட்டுக்கு ஏது அது என்று ஆணையம் கேட்டது. 2023ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. புகார் செய்தவருக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடு, 10,000 ரூபாய் வழக்குச் செலவு. அந்தத் தொகுதிப் பிஸ்கட்டை விற்கக் கூடாது என்றும் உத்தரவு. அவர் கேட்டது நூறு கோடிக் கணக்கில், அது கிடைக்கவில்லை. ஆனாலும் எழுபத்தைந்து காசுப் பிஸ்கட்டுக்கு ஒரு லட்சம் என்றால் சும்மாவா?

கேரளத்திலும் இதே கதை. 2019இல் ஒருவர் திருச்சூர்ப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் பிரிட்டானியா ஆரோரூட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 300 கிராம். நிறுத்தால் ஒன்றில் 268, இன்னொன்றில் 248. அவர் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், தானே சண்டைக்கு நிற்காமல், எடையளவு அதிகாரிகளிடம் போய் அவர்களையே நிறுத்துப் பார்க்கச் செய்தார். 2024இல் திருச்சூர் ஆணையம், 50,000 ரூபாய் நஷ்டஈடும் 10,000 ரூபாய் செலவும் கொடுக்கச் சொல்லிற்று.

இவர்கள் இருவரும் கடைப் பையனோடு கட்டிப் புரளவில்லை. எண்ணினார்கள், நிறுத்தார்கள், ரசீதைப் பத்திரப்படுத்தினார்கள், குறைத்தவர் யாரோ அவரைக் கேட்டார்கள். நான் விட்ட இடம் அதுதான்.

ஆகவே, குறை கேட்கும் முறையைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், அது குறைதானா என்று பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருக்கிறதே, உள்ளே பாதிதானே இருக்கிறது என்று சண்டை போடாதீர்கள். நொறுங்காமலும் காரலெடுக்காமலும் இருக்க வாயு அடைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது கிராம் மட்டுமே. ஒரு லிட்டர் எண்ணெயைத் தராசில் வைத்தால் 910 கிராமுக்குப் பக்கமாகத்தான் காட்டும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதுவும் குறையல்ல. ஆனால் ஒரு லிட்டர் போலவே தோன்றும் பாக்கெட்டில் 850 மில்லி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால்? அஞ்சு ரூபாய் பிஸ்கட் அஞ்சு ரூபாயாகவே இருந்து, கிராம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தால்? அச்சிட்டதற்குக் குறையாமல் கொடுத்தால் அது சட்டப்படி குற்றமல்ல. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டியது நம் வேலை. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் இப்போது பாக்கெட்டின்மேல் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்து ஒப்பிட்டு வாங்கலாம்.

இயந்திரம் பாக்கெட் போடும்போது இம்மியளவு முன்பின் ஆகும் என்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. அரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் 15 கிராம் வரை, நூறு கிராமுக்கு நாலரை கிராம் வரை. அதற்காக எல்லாப் பாக்கெட்டையும் 985 கிராமாகவே போட்டுவிட முடியாது. நிறையப் பாக்கெட்டுகளை எடுத்து நிறுத்தால் சராசரி குறையாமல் இருக்க வேண்டும். ஆக, ஒரு பாக்கெட் 990 என்றால் விட்டுவிடுங்கள். 930 என்றால் விடாதீர்கள்.

எடை என்பது உள்ளே இருக்கும் பொருளின் எடை. பையின் எடை சேராது, அட்டைப் பெட்டியின் எடையும் சேராது. மிட்டாய்க் கடையில் கனத்த பெட்டியோடு சேர்த்து நிறுத்து, அட்டையை மைசூர்ப்பாகு விலைக்கு விற்பதைப் பார்த்தும் பேசாமல் வருகிறோமே, அது நம் சாதுத்தனம். "பெட்டியை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு அப்புறம் நிறுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காய்கறிக் கடையிலும் அப்படியே. சாமானை வைப்பதற்கு முன்னால் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கடைகளில் உள்ள எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்க முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். காலிச் சிலிண்டரின் எடையை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டிப் பார்த்தால் தீர்ந்தது கணக்கு. ஆனால் நாலு மாடி ஏறி வந்த மனுஷனுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

குறை நிச்சயம் என்று தெரிந்துவிட்டதா? பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். தராசின்மேல் வைத்து, எண் தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள். ரசீதைக் கிழிக்காதீர்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போங்கள். பில் போடுகிறவரிடம், "மேனேஜரைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். கம்பெனி பாக்கெட்டாக இருந்தால் புகார் சொல்ல வேண்டிய விலாசமும் போன் எண்ணும் அதன்மேலேயே இருக்கும். இருக்க வேண்டும் என்பது விதி.

அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் கவனிப்பது தொழிலாளர் துறை; ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கு அதிகாரிகள் உண்டு. ரேஷன் கடை என்றால் 1967. அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்திலும் இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையில் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இனி, விட்ட கதைக்கு வருகிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சின்னம்மா, "வா, அந்தக் கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் என்ன என்று கேட்டேன். படி! கடைக்குப் படியை எடுத்துக்கொண்டு போகிறவளோடு கூடப் போவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

மத்தியானம், கூட்டமில்லாத வேளை. அதே பெண் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சின்னம்மா அவளிடம், "கண்ணு, மேனேஜர் இருக்காருங்களா?" என்று கேட்டாள்.

மேனேஜர் வந்தார். சின்ன வயதுக்காரர். "ஈரம் காய்ஞ்சு எடை குறையறது சகஜம்தானுங்கம்மா" என்றார்.

"அத்தனை ஈரம் இருந்திருந்தா இதுக்குள்ளே பூசணம் பிடிச்சிருக்குமே தம்பி! இது கலகலன்னு இருக்குது. எல்லாப் பையும் ஒரே மாதிரி குறையுது. வாங்க, முதல்ல உங்க தராசைப் பார்ப்போம்" என்றாள் சின்னம்மா.

மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, எங்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பேக்கிங் அறையில் வடநாட்டுப் பையன் ஒருவன், தராசின்மேல் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வைத்து ஜவ்வரிசியை அதில் கொட்டி, ஆயிரம் என்று வந்ததும் பையில் சாய்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் காலிக் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். 70 என்று காட்டியது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பூஜ்யம் ஆக்கும் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவன் கிண்ணத்தையும் சேர்த்தே நிறுத்திருக்கிறான். நாங்கள் எல்லாரும் ஜவ்வரிசி விலைக்குக் கிண்ணம் வாங்கியிருக்கிறோம்!

உண்மையிலேயே தெரியாமல் நடந்ததா, தெரிந்தும் விட்டு வைத்திருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. மேனேஜர் உடனே அந்தப் பையனைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார். சின்னம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பையனுக்கு இதை யாரு தம்பி சொல்லிக் கொடுத்தது?"

மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நிமிஷம் கழித்து, தாமே பொத்தானை அமுக்கிக் காட்டினார். வெளியே வந்து, அலமாரியில் இருந்த ஜவ்வரிசிப் பைகள் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப நிறுக்கச் சொன்னார். "முந்தாநாள் இந்தப் பெண் எழுபது கிராம் கொடுத்தாளே, அதை அவள் கணக்கில் எழுதாதீர்கள்" என்று நான் சொன்னேன். "சரிங்க" என்றார்.

படி பையை விட்டு வெளியே வரவேயில்லை. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

புறப்படும்போது அந்தப் பெண்ணிடம் போனேன். "அன்றைக்கு நான் பேசியது தப்பும்மா" என்றேன். அவள், "பரவாயில்லீங்கக்கா" என்றாள். சொல்லிவிட்டு அடுத்தவர் சாமான்களுக்குப் பில் போட ஆரம்பித்துவிட்டாள். மன்னித்துவிட்டாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசிய வார்த்தையை, தனியாகச் சொல்லும் மன்னிப்பு முழுவதும் அழித்துவிடுமா என்ன? எழுபது கிராமைத் திரும்ப நிறுத்துக் கொடுத்துவிடலாம். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேட்காமல் இருக்காதீர்கள், சகோதரிகளே. நாம் கேட்காத கிராம்களெல்லாம் சேர்ந்து எங்கேயோ மூட்டையாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கேட்க வேண்டியவரைக் கேளுங்கள். கேட்கும்போது குரலையும் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் பாக்கெட்டுகளில் ஒன்றைத் தராசில் வையுங்கள். என்ன காட்டியது, யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

அந்த வருஷத்து வடகம் நன்றாகவே காய்ந்தது. எனக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள் சின்னம்மா. அரை கிலோ என்றாள். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். டப்பாவைக் கழித்து, 560 கிராம்.